சுவரில் இரண்டு நாட்காட்டிகள்

பெங்களூரில் வாழும் தமிழர் வீட்டுக் கூடத்தில் இரண்டு நாட்காட்டிகள் தொங்குவதை அன்பர்கள் பார்த்திருப்பீர்கள். ஒன்று, ஊரிலிருந்து உறவினர் யாரேனும் பையில் வைத்துக் கொண்டுவரும், நாளுக்கொரு தாள் கிழிக்கும் நாட்காட்டி. ராகு காலமும் எமகண்டமும் அதில் பார்த்துக்கொள்ளலாம். மற்றொன்று, தெருமுனை மளிகைக் கடைக்காரர் புத்தாண்டுக்குக் கொடுக்கும் கன்னட மாத நாட்காட்டி. பால் கணக்கும் எரிவாயு உருளை வந்த தேதியும் அதில்தான் ஏறும். எங்கள் வீட்டிலும் இவை இரண்டும் ஒரே ஆணியில் தொங்குகின்றன.

பெரியவர்கள் நாட்காட்டியில் தேதியைப் பார்க்கிறார்கள். குழந்தைகளோ சிவப்பு எழுத்தைப் பார்க்கிறார்கள். எங்கள் மூத்தவள் நான்காம் வகுப்பில் படித்த ஆண்டில், அதாவது 2023இல், இரண்டு நாட்காட்டிகளையும் தரையில் விரித்து வைத்துக்கொண்டு, எங்கே எது சிவப்பு, எது கறுப்பு என்று ஒரு கணக்கே எடுத்துவிட்டாள். தைப் பொங்கலுக்குத் தமிழ்நாட்டில் திருவள்ளுவர் தினம், உழவர் திருநாள் என்று மூன்று நாள் தொடர்ந்து சிவப்பு. இங்கே சங்கராந்தி ஒரு நாளோடு சரி. உகாதி, பசவ ஜயந்தி, வால்மீகி ஜயந்தி, கனகதாசர் ஜயந்தி இவையெல்லாம் இங்கே சிவப்பு. தீபாவளிக்கு அங்கே நரக சதுர்த்தசியோடு முடிந்துவிடும். இங்கே பலி பாட்யமியும் சேர்ந்து வரும். சித்திரை முதல் நாள் தமிழருக்குப் புத்தாண்டு ஆயிற்றே, அதற்கு இங்கே விடுமுறை கிடையாதோ என்று பார்த்தால், ஏப்ரல் 14 இரண்டிலுமே சிவப்பாயிருந்தது. அன்று அண்ணல் அம்பேத்கர் பிறந்த நாள். அவர் தயவால் கர்நாடகத்துத் தமிழ்ப் பிள்ளைகள் புத்தாண்டன்று வீட்டில் இருந்து மாங்காய்ப் பச்சடி சாப்பிட முடிகிறது!

"ஒரே வெயில், ஒரே மழை. விடுமுறை மட்டும் ஏன் அப்பா வேறு வேறு?" என்று அவள் கேட்டாள். நல்ல கேள்விதான். எங்களில் ஒருவருக்கு ரயில்வேயில் எழுத்தர் உத்தியோகம். ஊரெல்லாம் விடுமுறை கொண்டாடும் நாளில்தான் டிக்கெட் கவுண்டர் முன்னால் வரிசை வாசல்வரை நிற்கும். அப்படிப்பட்ட அலுப்பில், "சர்க்கார் வேறு வேறு, அதனால்தான்" என்று சொல்லி முடித்துவிட்டோம். அந்தப் பதில் போதாது என்பது செப்டம்பர் மாதத்தில் தெரிந்தது.

அந்தச் செப்டம்பரில் எந்த நாட்காட்டியிலும் சிவப்பாக அச்சிடாத விடுமுறைகள் வந்தன. 18ஆம் தேதி விநாயக சதுர்த்தி. அது எதிர்பார்த்தது. 26ஆம் தேதி செவ்வாய்க்கிழமை, காவிரி நீரைத் தமிழ்நாட்டுக்குத் திறந்துவிடக் கூடாதென்று பெங்களூரில் பந்த். 28ஆம் தேதி மிலாது நபி. மறுநாள் 29ஆம் தேதி வெள்ளிக்கிழமை கர்நாடகம் முழுவதும் பந்த். இரண்டு பந்த் நாளும் நகரத்துப் பள்ளிகளுக்கு விடுமுறை அறிவித்தார்கள். பிறகு ஞாயிறு, திங்களன்று காந்தி ஜயந்தி. பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. இளையவனுக்கு அப்போது ஐந்து வயது. "பந்த் மாமா நல்லவர்" என்று அவன் ஆனந்தக் கூத்தாடினான். பந்த் என்பது ஓர் ஆள் என்றே அவன் எண்ணிக்கொண்டிருந்தான்.

எங்களுக்கோ மனம் நிலைகொள்ளவில்லை. 1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு மத்திய அரசிதழில் வெளியானதும் இந்த நகரில் தமிழர் குடியிருப்புகள் தாக்கப்பட்ட கதையைக் கேட்டே நாங்கள் வளர்ந்தோம். 2016 செப்டம்பர் 12ஆம் தேதி பேருந்துகளும் லாரிகளும் எரிந்த புகையை மாடியிலிருந்து கண்ணால் பார்த்தோம். அன்று சென்னையிலும் கன்னடர் உணவகம் ஒன்று தாக்கப்பட்டதை மறைக்க வேண்டியதில்லை. மூத்தவள் அப்போது கைக்குழந்தை. ஆகையால் 2023இல் பந்த் என்ற சொல் காதில் விழுந்ததும், அறிவு யோசிக்கும் முன்னே அச்சம் எழுந்து நின்றது.

26ஆம் தேதி காலை, தெருமுனைக் கடையில் பால் வாங்கப் பெண்ணை அழைத்துக்கொண்டு புறப்பட்டபோது, வாசற்படியிலேயே நாங்கள் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டோம். "இன்றைக்கு வெளியில் தமிழ் பேசாதே, அம்மா. பேசினாலும் மெல்லப் பேசு."

தெருவில் ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பந்த் நாட்களில் எங்கள் தெருவில் ஒரு கல்கூட விழவில்லை. பால்காரர் வழக்கம்போல் சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுத்தார். ரயில்கள் ஓடின. நாங்கள் கவுண்டருக்குப் போய் வந்தோம். வந்த அச்சம் அன்று மாலையே எங்களை விட்டுப் போய்விட்டது. குழந்தையை விட்டுப் போகவில்லை.

புதன்கிழமை பள்ளிக்குப் போகும் வழியில் அவள் தாயிடம் கிசுகிசுத்தாள். வியாழக்கிழமை மாடிப்படியில் தம்பியை அதட்டும்போதும் கிசுகிசுத்தாள். எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் ஒரு மூதாட்டி இருக்கிறார். மண்டியாவைச் சேர்ந்தவர். பிள்ளைகளுக்கு அவர் அஜ்ஜி. அவருக்கு இவள் புட்டி. வெள்ளிக்கிழமை அவர், "யாகம்மா, கண்டலு நோவா?" என்று கேட்டிருக்கிறார். தொண்டை வலியா என்று பொருள். பதில் வராமற் போகவே, சிறிது நேரத்தில் மிளகும் சுக்கும் தட்டிப்போட்ட கஷாயத்தை ஒரு தம்ளரில் எடுத்துக்கொண்டு மேலே வந்துவிட்டார். பெண் அதைக் குடிக்கவும் மாட்டாமல், குடிக்காமலிருக்கவும் மாட்டாமல் எங்கள் முகத்தைப் பார்த்தாள்.

உண்மையைச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. எங்களுக்குத் தெரிந்த கன்னடத்தில், தலையைக் குனிந்துகொண்டு சொன்னோம். அஜ்ஜி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "மண்டியாவில் என் தம்பியின் கரும்பு காய்கிறது. கும்பகோணத்தில் உங்கள் மாமனாரின் நெல் காய்கிறது என்கிறீர்கள். இரண்டும் இந்த ஆண்டு மழை செய்த வேலை. அதற்கு இந்தக் குழந்தை ஏன் வாயை மூட வேண்டும்?" என்றார். தம்ளரை வாங்கிக்கொண்டு போனவர், படியில் நின்று திரும்பி, "கஷாயத்தை நீங்கள் குடித்திருக்கலாம்" என்றார்.

அன்று இரவு பெண் கேட்டாள்: "அப்பா, தாத்தாவுக்கும் அஜ்ஜிக்கும் சண்டையா? நாம் யார் பக்கம்?"

இதைப் படிக்கும் அன்பர்களில் பலர் இந்தக் கேள்வியைத் தங்கள் வீட்டிலும் கேட்டிருப்பீர்கள். விடைக்கு முன், அவளைக் குழாயடிக்கு அழைத்துக்கொண்டு போனோம். பெங்களூர் ஒரு மேட்டு நிலம். பெரிய ஆறு எதுவும் இதன் வழியே ஓடவில்லை. காவிரித் தண்ணீரைத் தொரேகாடனஹள்ளியில் சுத்திகரித்து, சுமார் 100 கிலோமீட்டர் தூரம் குழாயில் கொண்டுவந்து, ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்துக்கு இறைத்து ஏற்றுகிறார்கள். முதல் கட்டம் 1974இல் வந்தது. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16ஆம் தேதி சொன்ன தீர்ப்பில், தமிழ்நாட்டுக்குக் கர்நாடகம் ஆண்டுதோறும் விட வேண்டிய நீர் 177.25 டி.எம்.சி. என்றும், பெங்களூர் மக்களின் குடிநீருக்கென 4.75 டி.எம்.சி. கூடுதலாகக் கர்நாடகத்துக்கு என்றும் வகுத்தது. அந்த 4.75இல் எங்கள் வீட்டுக் குடமும் சேர்த்தி. அந்த 177.25இல் தாத்தாவின் வயலும் சேர்த்தி.

"அப்படியானால் இதுவும் காவிரியா?" என்று குழாயைத் தொட்டுப் பார்த்தாள்.

"இதுவும் காவிரிதான். நல்ல மழை பெய்யும் ஆண்டில் இந்தச் சண்டையை யாரும் நினைப்பதில்லை. இந்த ஆகஸ்டைப் போல மழையில்லாத ஆகஸ்டு 1901க்குப் பிறகு இந்தியாவில் வந்ததில்லையாம். குடத்தில் தண்ணீர் குறைந்தால், ஒரு தாய் பிள்ளைகளும் அடித்துக்கொள்வதில்லையா?" என்றோம். அவள் தலையை ஆட்டினாள். ஆனால் குரல் உயரவில்லை. சொல்லிக் கெடுத்ததைச் சொல்லியே சரிசெய்துவிட முடியுமா? நேரில் காட்ட வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றிற்று. வந்த விடுமுறைகளை அதற்கே செலவிடத் தீர்மானித்தோம்.

காந்தி ஜயந்தியன்று அல்சூர் ஏரிக்குப் போனோம். பெங்களூருக்குப் புதிதாக வரும் தமிழ்க் குடும்பங்கள் லால்பாக்கையும் விதான சௌதாவையும் பார்த்த பிறகு அல்சூருக்கு வருகிறார்கள். முதலில் வரவேண்டிய இடம் இதுவென்பது எங்கள் எண்ணம். 1809இல் ஆங்கிலேயர் சீரங்கப்பட்டணத்திலிருந்து தங்கள் படையை இங்கே மாற்றித் தண்டு இறக்கினார்கள். இன்றும் கண்டோன்மென்ட் ரயில் நிலையத்துக்குக் கன்னடத்தில் தண்டு என்றே பெயர். சென்னை ராஜதானியிலிருந்து சிப்பாய்களும், கொத்தர்களும், சமையற்காரர்களும், வியாபாரிகளும் படையோடு வந்து அல்சூர்ப் பக்கம் குடியேறினார்கள். 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து தண்டுக்கு இருப்புப் பாதை வந்ததும் வரவு பெருகிற்று. ஒரு பக்கம் மைசூர் மன்னரின் பேட்டை, மறுபக்கம் ஆங்கிலேயரின் தண்டு. இப்படி இரண்டு நகரங்களாக இருந்தவை 1949இல்தான் ஒரே மாநகராட்சியாயின. ஆகவே, நம்மவர் நேற்று வந்தவர்களும் அல்லர். இந்த ஊருக்கு முன்பே இருந்தவர்களும் அல்லர். இரண்டையும் குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டும்.

சோமேசுவரர் கோயிலில் கும்பிட்டுவிட்டு ஏரிக்கரைக்கு வந்தோம். ஏரியில் தீவுகள் பச்சையாக மிதந்தன. பிள்ளைகள் கொக்குகளை எண்ணினார்கள். 1950இல் தோன்றிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் இந்த ஏரிக்கு அருகில்தான் இருக்கிறது. பிறகு வள்ளுவர் சிலையிடம் போனோம்.

அச்சிலையின் கதையைப் பலர் அறிவார்கள். 1991இல் அதை நிறுவினார்கள். திறக்க முடியவில்லை. எதிர்ப்பு எழுந்தது. வழக்கும் பேச்சுமாக ஆண்டுகள் ஓடின. துணியும் சாக்கும் சுற்றியபடி 18 ஆண்டுகள் வள்ளுவர் காத்திருந்தார். 2009 ஆகஸ்டு 9ஆம் தேதி, கர்நாடக முதல்வர் எடியூரப்பா முன்னிலையில் தமிழக முதல்வர் கருணாநிதி சிலையைத் திறந்து வைத்தார். நான்கு நாட்கள் கழித்து, ஆகஸ்டு 13ஆம் தேதி, சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலையை எடியூரப்பா திறந்து வைத்தார். வள்ளுவர் பாடியது இரண்டடியில். சர்வக்ஞர் பாடியது மூன்றடியில். இருவரும் எளிய மக்களுக்கு அறம் சொன்னவர்கள்.

"பதினெட்டு வருஷம் மூடி வைத்தார்களா? அவர் என்ன தப்புச் செய்தார்?" என்று மூத்தவள் கிசுகிசுத்தாள்.

"அவர் ஒன்றும் செய்யவில்லை. பெரியவர்கள் பயந்தார்கள்" என்றாள் அவள் தாய். சொல்லிவிட்டு எங்களை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பொருள் எங்களுக்கு நன்றாகவே விளங்கிற்று.

அடுத்து வந்தது தசரா விடுமுறை. கர்நாடகத்தில் இது நீண்ட விடுமுறை. தமிழ்நாட்டிலோ அதற்குள் காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்துவிடும். ஆகையால் எங்கள் பிள்ளைகள் ஊருக்குப் போகும்போது, அத்தை பிள்ளைகளும் மாமன் பிள்ளைகளும் புத்தகப் பையோடு பள்ளிக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். இரண்டு நாட்காட்டிக் குடும்பத்தின் சிறிய துன்பங்களில் இதுவும் ஒன்று.

மயிலாடுதுறை எக்ஸ்பிரஸில் ஏறினோம். இந்த வண்டியின் பாதையைப் போல ஒரு பாடப் புத்தகம் வேறில்லை. கிருஷ்ணராஜ சாகர் அணைக்கு அருகிலுள்ள மைசூரில் புறப்படுகிறது. சீரங்கப்பட்டணத்தில் காவிரியின் கிளைகளைத் தாண்டுகிறது. பெங்களூருக்கு வரும்போது ஆற்றைவிட்டு விலகி, இரவெல்லாம் ஓடி, ஈரோட்டில் மீண்டும் காவிரியைக் கடக்கிறது. திருச்சி, தஞ்சை, கும்பகோணம் என்று ஆற்றோடு துணையாகவே போய், அந்நாளில் காவிரிக்கரை ஊரான மயிலாடுதுறையில் நின்றது. ஆறு பல நாள் நடக்கும் வழியை வண்டி ஓர் இரவில் நடந்து முடிக்கும்.

பிள்ளைகள் சன்னலோரம் உட்கார்ந்து பெயர்ப் பலகை படித்தார்கள். மாலூரும் பங்காருபேட்டையும் கன்னடத்தில் வந்தன. மூத்தவள் பலகை கண்ணில் பட்டதும் படித்துவிட்டாள். மாலூர் தாலுகாவில் மாஸ்தி என்றொரு சிற்றூர் உண்டு. கன்னடச் சிறுகதைக்குத் தந்தை எனப் போற்றப்படும் மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் அவ்வூரினர். தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்து, கன்னடத்தில் எழுதி, 1983ஆம் ஆண்டுக்கான ஞானபீடப் பரிசு பெற்றார் என்று அவளுக்குச் சொன்னோம். குப்பத்தில் தெலுங்கு எழுத்து வந்தது. ஆந்திரத்தின் ஒரு மூலை அங்கே குறுக்கிடுகிறது. கண் சொருகும் வேளையில் திருப்பத்தூர் வந்தது. தமிழ்ப் பலகை. அவள் எழுந்து உட்கார்ந்தாள். "தி... ரு... ப்... ப..." என்று எழுத்தெழுத்தாகக் கூட்டினாள்.

எங்களுக்குச் சுருக்கென்றது. கன்னடம் ஓடுகிறது, தமிழ் தட்டுத் தடுமாறுகிறது! தவறு அவளுடையதன்று. கர்நாடகத்துப் பள்ளிகளில் கன்னடம் கற்பிக்க வேண்டுமென்று 2015இல் சட்டம் வந்தது. அது நல்லதே. வாழும் ஊரின் மொழியைக் கல்லாதவன் அந்த ஊரில் என்றும் விருந்தாளிதான். ஆனால் தமிழைக் கற்பிக்கச் சட்டம் வரும் என்று நாங்கள் காத்திருந்தோமா? ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அனுப்ப, ஓய்வு நாளில் ஒரு மணி நேரம் எங்களுக்குக் கிடைக்கவில்லையாம்! வெளியில் மெல்லப் பேசச் சொன்னதும் நாங்கள், வீட்டில் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்காததும் நாங்கள். யாரைக் குறைகூறுவது?

கும்பகோணத்துக்குத் தெற்கே அரசலாற்றுப் பாசனத்தில் மாமனாருக்கு இரண்டு ஏக்கர். ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் அணை திறந்ததை நம்பிக் குறுவை வைத்தார். பாதிதான் தேறிற்று. வரப்பில் நின்று வெடித்த மண்ணைக் காட்டினார். பெண் குனிந்து வெடிப்புக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். "தாத்தா, எங்கள் வீட்டுக் குழாயிலும் இந்தத் தண்ணீர்தான் வருகிறது. நாங்கள் குறைவாகச் செலவு செய்தால் உங்களுக்கு வருமா?" என்று கேட்டாள்.

மாமனார் அதிகம் பேசாதவர். அவளைத் தூக்கி வரப்பின்மேல் நிறுத்தி, "குடிக்கிற தண்ணீருக்குக் கணக்குப் பார்க்காதே, பாப்பா. குளிக்கிறதற்கு வேண்டுமானால் பார்" என்றார். பிறகு எங்களிடம், "மண்டியாக்காரர்களுக்கு இந்த வருஷம் எப்படி?" என்று விசாரித்தார். அஜ்ஜியின் தம்பியின் கரும்பைப் பற்றிச் சொன்னோம். "பாவம்" என்றார். வெடித்த வயலில் நின்றுகொண்டு அவர் சொன்ன அந்தச் சொல்லை நாங்கள் பத்திரமாகப் பெங்களூருக்கு எடுத்துவந்தோம். அஜ்ஜியிடம் சொன்னபோது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நவம்பர் 1ஆம் தேதி வந்தது. கன்னட நாட்காட்டியில் அன்று கொட்டை எழுத்தில் சிவப்பு, ராஜ்யோத்ஸவம். தமிழ் நாட்காட்டியில் கறுப்பு. 1956இல் அதே நாளில்தான் மொழிவழி மாநிலங்கள் பிறந்தன. கோயம்புத்தூர் மாவட்டத்திலிருந்த கொள்ளேகாலம் மைசூர் மாநிலத்துக்குச் சென்றது. கன்னியாகுமரி நம்மிடம் வந்தது. மைசூர் மாநிலம் 1973 நவம்பர் 1ஆம் தேதி கர்நாடகம் என்று பெயர் பெற்றது. பெங்களூரின் பெயர் அரசுப் பதிவில் பெங்களூரு ஆனது 2014 நவம்பர் 1இல். தமிழகமோ, சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர்சூட்டச் சட்டமன்றம் தீர்மானித்த 1967 ஜூலை 18ஆம் நாளையே தமிழ்நாடு நாளாகக் கொண்டாடுவதென்று 2021இல் முடிவு செய்தது. விடுமுறை ஏன் வேறு வேறு என்ற கேள்விக்கு இதுவல்லவா விடை! ஒவ்வொரு மாநிலமும் தன் நினைவில் வைக்க விரும்புவதையே சிவப்பில் அச்சிடுகிறது. ஏப்ரலில் இதைச் சொல்லத் தெரியாமல் போயிற்று.

பெயர் மாறி 50 ஆண்டு நிறைந்ததால் 2023இல் விழா பெரிதாக நடந்தது. பள்ளியில் எங்கள் பெண்ணைக் கோஷ்டிப் பாட்டுக்குத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். குவெம்பு இயற்றி, 2004இல் மாநில கீதமாக ஏற்கப்பெற்ற பாட்டு. மஞ்சளும் சிவப்புமான சிறிய கொடியும் கையில் வேண்டும். முதல் நாள் இரவு அவள் கேட்டாள்: "அந்தக் கொடியை நான் பிடிக்கலாமா, அப்பா?"

ஒரு மாதத்துக்கு முன்பு இக்கேள்வியை அவள் கேட்டிருக்க மாட்டாள். நாங்கள் கற்பித்த அச்சம் கேட்கிறது என்று புரிந்துகொண்டோம். "உன் பள்ளிக்கூடம், உன் ஊர், நீ பிடிக்காமல் யார் பிடிப்பது?" என்றாள் தாய். "அந்தப் பாட்டில் சங்கரர், மத்துவர், பசவேசுவரர் பெயர்களோடு ராமானுஜர் பெயரும் வருகிறதே, அவர் எந்த ஊர்க்காரர் தெரியுமா?" என்று நாங்கள் கேட்டோம். திருப்பெரும்புதூரில் பிறந்து, மேல்கோட்டையில் பல ஆண்டு தங்கிய வரலாற்றைக் கேட்டதும் அவள் முகம் மலர்ந்தது. "அப்படியென்றால் அவர் வீட்டிலும் இரண்டு நாட்காட்டி இருந்திருக்கும்!" என்றாள்.

விழா முடிந்து, பள்ளியிலிருந்து நேரே கப்பன் பூங்காவுக்குப் போனோம். கூடவே புளியோதரையும் தயிர்சாதமும். அஜ்ஜியும் வந்தார். 1870இல் அமைந்த அப்பூங்காவின் மரநிழலில் ஊரே திரண்டிருந்தது. கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது, இந்தி எல்லாம் ஒரே காற்றில் கலந்து வந்தன. அப்பால், 1956இல் கட்டி முடித்த விதான சௌதாவின் கோபுரம் வெயிலில் வெள்ளையாக நின்றது. அதைக் காட்டி நாங்கள் சரித்திரம் சொல்லிக்கொண்டிருந்த வேளையில், இளையவனைக் காணவில்லை.

நெஞ்சு நின்றுவிட்டது. தாய் ஒரு பக்கம் ஓடினாள். நாங்கள் எதிர்ப்பக்கம் ஓடினோம். அஜ்ஜி நின்ற இடத்திலேயே சாமியைக் கூப்பிட்டார். அப்போது கூட்டத்தின் நடுவே ஒரு குரல் கேட்டது.

"தம்பீ! டேய் தம்பீ! எங்கேடா இருக்கிறாய்? அக்கா கூப்பிடுகிறேன், இங்கே வாடா!"

மூத்தவள் கல்லிருக்கையின்மேல் ஏறி நின்றுகொண்டு, கையில் மஞ்சள் சிவப்புக் கொடியை ஆட்டியபடி, தொண்டை கிழியத் தமிழில் கூவினாள். நான்கு பக்கமும் தலைகள் திரும்பின. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. பலூன் விற்பவர் ஒருவர் மட்டும், "இல்லி இத்தானே, பாரம்மா" என்று குரல் கொடுத்தார். இதோ இங்கே இருக்கிறான் என்று பொருள். அவருடைய பலூன் கொத்துக்குக் கீழே, அண்ணாந்து பார்த்தபடி நின்றிருந்தான் எங்கள் வீரன். மூத்தவள் ஓடிப்போய் அவன் காதைத் திருகித் தமிழில் திட்டினாள். பலூன்காரருக்குக் கன்னடத்தில் நன்றி சொன்னாள். இரண்டும் ஒரே மூச்சில், ஒரே உரத்த குரலில் வந்தன.

அஜ்ஜி எங்களைப் பார்த்துச் சிரித்தார். "கண்டலு சரி ஹோயிது" என்றார். தொண்டை சரியாகிவிட்டது!

அன்பர்களே, காவிரி வழக்கு எங்கள் வீட்டுக் கூடத்தில் தீரப்போவதில்லை. அதற்கு மன்றங்கள் உண்டு; அணைகளை அளக்கும் ஆணையம் உண்டு. மழை குறையும் ஆண்டுகள் இனியும் வரும். நாட்காட்டியில் அச்சிடாத விடுமுறைகளும் வரலாம். அத்தகைய காலையில் பிள்ளைகளிடம் வாசற்படியில் நின்று நாம் முதலில் என்ன சொல்கிறோம் என்பதை முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் எங்கள் வாயில் வந்த ஒரு வரியை எடுத்தெறிய ஐந்து வாரமும் ஓர் ஏரியும் ஒரு ரயில் பயணமும் தேவைப்பட்டன. எல்லோருக்கும் கீழ்த்தளத்தில் ஓர் அஜ்ஜி அமைவதில்லை.

எங்கள் சுவரில் இப்போதும் இரண்டு நாட்காட்டிகளே தொங்குகின்றன. ஒரே மாற்றம், இரண்டிலும் ஞாயிற்றுக்கிழமைதோறும் பென்சிலால் வட்டமிட்டு 'தமிழ் வகுப்பு' என்று எழுதியிருக்கிறது. எழுதியது மூத்தவள். ஓர் ஒற்றுப் பிழையும் இல்லை. கன்னட நாட்காட்டியிலும் தமிழில்தான் எழுதியிருக்கிறாள். பால் கணக்கு எழுத இடம் போய்விட்டதென்று அவள் தாய்க்குத்தான் சிறிது மனக்குறை.